பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய பெட்டியா?

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது மென்பொருள் துறையில் பெரிய பதவி. மேஜைமேல் இருந்த பிபிசி மைக்ரோவைப் பார்த்துவிட்டு, "இன்னுமா சார் இதை வச்சிருக்கீங்க? இதுக்கு சாஃப்ட்வேரே கிடைக்காது. பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுங்க" என்றார். சிரித்து வைத்தேன். ஆனால் மனசு ஆறவில்லை.

1984-இல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த கம்ப்யூட்டர் இது. 32 கிலோபைட் நினைவகம். அன்று செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவோம். பிறகு அதையே உடைந்த பெஞ்சுகளோடு ஏலம் விட்டார்கள். நான் எடுத்தேன்.

சாஃப்ட்வேர் கிடைக்காதாம்! இணையத்தில் குவிந்து கிடக்கிறது. லேப்டாப்பிலிருந்து இதற்கு மாற்றுவதும் கம்பசூத்திரம் அல்ல. இந்தப் பெட்டி கேசட்டிலிருந்து படிப்பது. கேசட்டில் இருப்பது வெறும் சத்தம். 1200, 2400 ஹெர்ட்ஸ் என்று இரண்டே சுருதி. கோப்பை அந்தச் சத்தமாக மாற்ற இலவச மென்பொருள் உண்டு. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து இதன் கேசட் துளைக்கு ஒரு ஒயர். இங்கே 'செயின்' கட்டளை கொடுத்து, அங்கே ஒலியை ஓடவிட வேண்டியதுதான். நொடிக்கு 120 எழுத்துக்கும் குறைவாகத்தான் ஏறும். போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

நடுவில் வாட்ஸ்அப் 'டிங்' என்று குறுக்கிட்டால், டேப்பைத் திருப்பச் சொல்லும். ஒலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி ஓடவிட்டால், விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். கடவுச்சொல் கேட்காது, ஓடிபி கேட்காது.

நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருள், லேப்டாப்பை மாற்றியதும் கம்பெனியின் சர்வரிடம் அனுமதி கேட்டது. சர்வரையோ மூடிவிட்டார்கள். சிடி என் கையில், சாவி அவர்களிடம். இப்போது சொல்லுங்கள், எது செத்த இயந்திரம்?

"லேப்டாப்பிலேயே ஓட்ட எமுலேட்டர் இருக்கே சார்" என்பார். இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அதில் ஓட்டவும் புரோகிராம் வேண்டுமே! யாரோ தங்கள் கேசட்டைப் பத்திரப்படுத்தி ஏற்றிவைத்ததால்தான் இன்று நமக்குக் கிடைக்கிறது. நம் பிள்ளைகள் எழுதியதை யார் ஏற்றினார்கள்?

உண்மையிலேயே கிடைக்காத சாஃப்ட்வேர் ஒன்று உண்டு. அந்த மாணவரே பதினொன்றாம் வகுப்பில் எழுதிய ஊசல் புரோகிராம். ஊசலின் நீளத்தைக் கொடுத்தால் திரையில் ஆடும். கேசட்டை ஸ்டோர் ரூமில் போட்டு வைத்தோம்; பூஞ்சை பிடித்துவிட்டது. குற்றவாளிகள் நாங்கள்தான், பெட்டி அல்ல.

ஆகவே, அந்தக் காலத்து ஆசிரியர்களே, பரணில் கேசட் இருந்தால் இறக்குங்கள். பாட்டுக்குப் பதில் 'கீ...' என்று கத்தினால் அது புரோகிராம். அதே ஒயர் வேலைதான், இந்தத் தடவை திசை மாற்றி: டேப் ரெக்கார்டரிலிருந்து லேப்டாப்புக்கு. எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகப் பதியுங்கள்.

பேரீச்சம்பழம் எங்கும் போய்விடாது. அதை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.