கடைக்கு மறியல் செய்தோம். குடித்தவருக்கு என்ன செய்தோம்?

தோட்டத்தில் குடியைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இரண்டு குரல் எழும். "கடையை மூடச் சொல்லுங்க" என்பது ஒன்று. "அவனுக்குப் புத்தி சொல்லுங்க" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான குரல்கள்தாம். ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் விடியற்காலையில் கை நடுங்க உட்கார்ந்திருக்கிறார். விட்டுவிட அவருக்கும் ஆசை. வழிதான் தெரியவில்லை.

கடையை எதிர்த்த போராட்டம் நமக்குப் புதிதல்ல. 1941-ல் கிள்ளான் வட்டாரப் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. கள்ளை அவர்கள் மானப் பிரச்சினையாகவே பார்த்தார்கள். 1947-ல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு மறியல் செய்தார்கள். பின்னாளில் கள் இருந்த இடத்தில் சம்சு வந்து உட்கார்ந்தது. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மது சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் 30-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மாண்டவர்களில் பலர் அந்நிய நாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகள்.

அரசாங்கமும் சட்டம் போட்டது. 2017 டிசம்பர் முதல் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. 2020 அக்டோபரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோருக்குத் தண்டனை கடுமையானது. விற்பவரையும் ஓட்டுபவரையும் பிடிக்கும் சட்டங்கள் இவை. குடிக்கு அடிமையாகிவிட்டவரைக் கைதூக்கிவிட இவற்றால் ஆகாது. அதற்கு ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்? குடித்துக் கெட்டு, மீண்டு வந்த இன்னொருவர்தான். 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் இதைக் கண்டுகொண்டார்கள். ஒருவர் பங்குத் தரகர், மற்றவர் அறுவை மருத்துவர். ஒருவர் கதையை ஒருவர் கேட்டே குடிக்காமல் இருந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'அல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற ஏ.ஏ. இயக்கம். கட்டணம் இல்லை. முழுப் பெயர் சொல்ல வேண்டாம். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. "இனி வாழ்நாளில் தொட மாட்டேன்" என்று சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இரு என்பார்கள். குடிப்பவரின் மனைவி மக்களுக்கு 'அல்-அனான்' என்ற தனிக் குழு 1951-ல் தோன்றியது.

நம் நாட்டிலும் கோலாலம்பூர், பினாங்கு போன்ற இடங்களில் ஏ.ஏ. கூட்டங்கள் உண்டு. சில ஊர்களில் மாதா கோயில் மண்டபத்தில் கூடுவார்கள். மதம் மாற்றுகிறார்கள் என்று மிரள வேண்டாம். மண்டபம் மட்டுமே அவர்களுடையது. கடவுள் பேச்சு வந்தால் அவரவர் கும்பிடும் சாமியை நினைத்துக்கொள்ளலாம். எங்கே, எந்த நாளில் என்பதை அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் கேளுங்கள். 15555 என்ற அரசாங்க உதவி எண்ணிலும் கேட்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்துவது ஆபத்து. முதல் நாளில் நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம். இல்லாத ஆளைப் பார்த்துப் பேசலாம். "செய்வினை", "சாமி வந்துடுச்சு" என்று பூசாரியைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். உயிர் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நிறுத்துவதற்கு முன்பே கிளினிக் கெசிஹாத்தானில் டாக்டரைப் பார்ப்பது அதைவிட நல்லது. குடியுரிமை உள்ளவருக்கு அங்கே ஒரு வெள்ளிதான். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க" என்று கேலி பேசியே பலரை வைத்தியத்துக்குப் போகவிடாமல் செய்துவிட்டோம். அந்தக் கேலி ஒழிய வேண்டும்.

சரி, ஏன் நம்மவர்கள் கூட்டத்துக்குப் போவதில்லை? சங்க வேலையாகத் தோட்டங்களுக்குப் போகையில் நாம் கேட்கும் பதில் மூன்று. கூட்டம் பட்டணத்தில், இரவில். திரும்பி வர பஸ் இல்லை. அங்கே இங்கிலீஷ் பேச்சு. கடைசியாக, "நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்." மூன்றாவதற்கு நாம் கேட்பது இதுதான்: வாய்க்காலில் விழுந்து கிடந்தபோது தெரியாத நாலு பேரா இவர்கள்?

முதல் இரண்டுக்கும் வழி உண்டு. 2020 தொற்றுக் காலத்துக்குப் பிறகு கைப்பேசியிலேயே கூடும் குழுக்கள் பெருகியிருக்கின்றன. அதைவிட மேல், தோட்டத்திலேயே தொடங்குவது. இரண்டு பேர் போதும். கோயில் மண்டபமோ சங்கக் கிளை அறையோ, வாரம் ஒரு மாலை, ஒரே நேரம். தமிழில் பேசலாம். மண்டோரும் கிராணியும் உள்ளே வந்து எட்டிப் பார்க்கக் கூடாது. பெயர்ப் பட்டியல் எடுத்து ஆபீசுக்குக் கொடுத்தால் அன்றோடு கூட்டம் செத்தது. நடுவில் ஒருவர் மறுபடி குடித்துவிட்டாலும் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள்; இந்த நோயில் சறுக்கல் சகஜம்.

தாய்மார்களுக்கு ஒன்று. அவர் திருந்தும்வரை அடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடி விழுந்தால் 15999 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். போலீசில் புகார் கொடுங்கள். 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

கிளைத் தலைவர்களே, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் சம்பளம், வீடு, தண்ணீரோடு இதையும் ஒரு விஷயமாகச் சேருங்கள். எந்த அறை, எந்தக் கிழமை, பட்டணக் கூட்டத்துக்கு யார் வேன் ஓட்டுவது என்ற மூன்றையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள்.