ஒன்று கூடினால் ஒன்று குறையும்

பத்து ஆட்கள் ஒரு வேலையை ஆறு நாட்களில் முடித்தால், பதினைந்து ஆட்கள் எத்தனை நாட்களில் முடிப்பர்? இந்தக் கணக்கைச் செய்யாத மாணவியர் நம்மில் எவருமில்லை. பத்தை ஆறால் பெருக்கினால் அறுபது. அதைப் பதினைந்தால் வகுத்தால் நான்கு நாட்கள். இதுவே எதிர்விகிதம். ஒன்று கூடக் கூட மற்றது குறையும். இரண்டின் பெருக்கற்பலன் மட்டும் மாறாது.

இயற்கையிலும் இவ்விதி நிறைந்திருக்கிறது. வாயுவின் அழுத்தத்தை இரு மடங்காக்கினால் அதன் பருமன் பாதியாகும் என்பதை 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்டார். வானொலி அலையின் நீளம் 300 மீட்டரானால் அதிர்வெண் 1000 கிலோஹெர்ட்ஸ். நீளம் 150 மீட்டராகக் குறைந்தால் அதிர்வெண் 2000 ஆக உயரும். கடப்பாறையால் கல்லைப் புரட்டுவோர் அதன் நுனியைப் பிடிப்பதும் இதனாலன்றோ? கை விலக விலகக் குறைந்த விசையே போதும்.

ஆனால் விதியைக் கற்று, நிபந்தனையை மறக்கலாகாது. வெப்பநிலை மாறாதிருந்தால்தான் பாயில் விதி பொருந்தும். வேலைக் கணக்கும் பகிர்ந்து செய்யக்கூடிய வேலைக்கே பொருந்தும். அடுப்பைச் சுற்றி நால்வர் நின்றால் சோறு விரைவில் வெந்துவிடாது!

இனி நம் வீட்டைப் பார்ப்போம். காய் நறுக்குதல், பாத்திரம் துலக்குதல், தண்ணீர் பிடித்தல், துணி மடித்தல் ஆகிய யாவும் பகிரக்கூடியவை. அன்னை ஒருவரே செய்ய நான்கு மணி நேரமாகும் வேலையை நால்வர் செய்தால் ஒரு மணி நேரம் போதும். ஆயினும் பெரும்பாலான வீடுகளில் உதவிக்கு அழைக்கப்படுபவள் மகள் மட்டுமே. மகன் படித்துக் கொண்டிருக்க, மகள் பாதிக் கணக்கில் எழுந்து போகிறாள். பொதுத் தேர்வில் ஆணுக்கு ஒரு வினாத்தாள், பெண்ணுக்கு ஒரு வினாத்தாள் என்றா தருகிறார்கள்?

"பெண் பிள்ளை நாளை வேறு வீட்டுக்குப் போகிறவள், பழகட்டும்" என்பர் பெரியோர். பழகுவது நன்றே. வேலை செய்ய நாங்கள் அஞ்சவில்லை. ஆனால் எங்கள் சகோதரர்களும் நாளை படிப்புக்கோ பிழைப்புக்கோ வெளியூர் சென்று தனியே தங்க நேரலாம். அவர்களுக்குப் பசிக்காதா? அவர்களும் பழக வேண்டாமா?

உயிர்த்தெழுந்த ஆண்டவர் ஏரிக்கரையில் கரிநெருப்பில் மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீடர்களை உண்ண அழைத்தார் என்று நற்செய்தியில் படிக்கிறோம். அடுப்பு மூட்டுவது அவருக்கு இழிவாகத் தோன்றவில்லை.

ஆகவே பெற்றோரை அன்புடன் வேண்டுகிறோம். வீட்டு வேலையின் மொத்த அளவு மாறப் போவதில்லை. அதைச் செய்யும் கைகள் கூடட்டும். அன்னையின் களைப்பு தானே குறையும். எங்களுக்கும் படிக்கச் சிறிது நேரம் கிடைக்கும்.