ஹால்ஸ்டாட் போறீங்களா? ஒரு ராத்திரி தங்குங்க... இல்லன்னா யோசிங்க!

நண்பன் ஒருவன் தன்னுடைய ஐரோப்பா ட்ரிப் பிளானை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பக்காவான எக்செல் ஷீட். 9 நாள், 5 நாடு. அதில் ஒரு கட்டத்தில் 'ஹால்ஸ்டாட், 11.30 டு 2.00, போட்டோஸ்' என்று மட்டும் இருந்தது. "வேற என்ன பார்க்கப் போற?" என்று கேட்டேன். "ஏரி, சர்ச், பின்னாடி மலை. அந்த ஒரு போட்டோ போதும்டா" என்றான்.

அந்தப் போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மாதிரி ஏரி, கரையில் கூர்மையான கோபுரத்தோடு ஒரு சர்ச், மலைச்சரிவில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மர வீடுகள். ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் இந்த ஊரில் வசிப்பவர்கள் 800 பேர்கூட இல்லை. ஆனால், சீசன் உச்சத்தில் ஒரே நாளில் 10,000 பேர் வரை வந்து போகிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் நாமும் ஒருவராகப் போகலாமா, போனால் எப்படிப் போகலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அப்படி என்ன இருக்கு அங்கே?

ஒரே வார்த்தையில் சொன்னால், உப்பு. ஊருக்கு மேலே இருக்கும் மலையில் சுமார் 7,000 வருடங்களாக மனிதர்கள் உப்பு எடுத்துவருகிறார்கள். சுரங்கத்துக்குள் கிடைத்த ஒரு மரப் படிக்கட்டு கி.மு. 14-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உப்பு இருந்ததால் மரம் மக்கவில்லை.

1846-ல் சுரங்க அதிகாரி யோஹான் கியோர்க் ராம்சாவர் இங்கே ஒரு பழங்கால இடுகாட்டைக் கண்டுபிடித்தார். அடுத்த 17 வருடங்களில் கிட்டத்தட்ட 1,000 கல்லறைகளைத் தோண்டி, ஒவ்வொன்றையும் பதிவுசெய்து, படமாகவும் வரைந்துவைத்தார். ஐரோப்பிய இரும்புக் காலத்தின் முற்பகுதிக்கு, அதாவது சுமார் கி.மு. 800 முதல் 450 வரையிலான காலத்துக்கு, வரலாற்று ஆய்வாளர்கள் வைத்த பெயரே 'ஹால்ஸ்டாட் பண்பாடு'தான். இவ்வளவு சின்ன ஊரின் பெயரில் ஒரு முழு யுகம்!

1997-ல் இந்த ஊரையும் சுற்றியுள்ள மலைப்பகுதியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அழகுக்காக மட்டும் இல்லை. உப்பை நம்பி ஆயிரக்கணக்கான வருடங்கள் மனிதர்கள் வாழ்ந்த நிலம் என்பதற்காகவும்தான்.

இடம் பத்தாத ஊர்

ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் செங்குத்தான மலை. நடுவில் ஒரு துண்டு நிலம்தான் ஊர். சரியான சாலை வசதி வந்ததே 19-ம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதுவரை படகுதான், இல்லையென்றால் மலைப்பாதை.

இடப் பற்றாக்குறை எந்த அளவுக்கு என்றால், இறந்தவர்களைப் புதைக்கவே இடம் இல்லை. அதனால் சில வருடங்கள் கழித்துக் குழியைத் திறந்து, எலும்புகளை எடுத்து, மண்டை ஓட்டை வெயிலில் வைத்து வெளுக்கவிட்டு, அதில் இறந்தவரின் பெயரையும் பூ, இலை வடிவங்களையும் வரைந்து ஒரு சின்ன தேவாலய அறையில் அடுக்கினார்கள். இன்றும் அங்கே சுமார் 1,200 மண்டை ஓடுகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேல் வர்ணம் தீட்டப்பட்டவை. முதலில் கேட்கும்போது திக்கென்று இருக்கும். ஆனால் அது பயமுறுத்த வைத்த காட்சிப்பொருள் இல்லை. தன் ஆட்களை விட்டுவிட மனசில்லாத ஒரு ஊர் கண்டுபிடித்த வழி.

செத்தவர்களுக்கே இடம் இல்லாத ஊரில்தான், தினம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறோம்.

கூட்டம் எப்படி வந்தது?

ஆசியாவில் இந்த ஊரைப் பிரபலமாக்கியதில் 2006-ல் வந்த ஒரு கொரியன் சீரியலுக்குப் பங்கு உண்டு. 2012-ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஹால்ஸ்டாட்டின் நகலையே கட்டித் திறந்துவிட்டார்கள். சர்ச், சதுக்கம், ஏரி எல்லாம் அங்கே உண்டு. அப்புறம் இன்ஸ்டாகிராம் வந்தது. மீதியைச் சொல்லத் தேவையில்லை.

2020-ல் டூரிஸ்ட் பஸ்களுக்கு ஸ்லாட் முறை கொண்டுவந்தார்கள். முன்பதிவு இல்லாத பஸ்ஸுக்கு இடம் இல்லை. 2023 மே மாதம், எல்லோரும் செல்ஃபி எடுக்கும் இடத்தில் மரத்தடுப்பு வைத்து மலைக் காட்சியை மறைத்தார்கள். சோஷியல் மீடியாவில் திட்டு வாங்கி, சில நாள்களிலேயே எடுத்துவிட்டார்கள். அதே ஆகஸ்டில் ஊர் மக்களே ரோட்டில் இறங்கி, சுரங்கச்சாலையை மறித்துப் போராடினார்கள். அவர்கள் கேட்டது ரொம்ப சிம்பிள்: ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வையுங்கள், மாலை 5 மணிக்கு மேல் டூரிஸ்ட் பஸ் வேண்டாம்.

கவனியுங்கள். டூரிஸ்ட்டே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த வருமானம் ஊருக்குத் தேவை என்று அவர்களுக்கும் தெரியும்.

என் பாயின்ட் இதுதான்

ஹால்ஸ்டாட்டின் பிரச்னை எத்தனை பேர் வருகிறார்கள் என்பது மட்டும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து, ஒரே தெருவில் நடந்து, ஒரே இடத்தில் நின்று, இரண்டரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள் என்பதுதான். அப்படி வருகிறவர் ஊருக்கு விட்டுப்போவது ஒரு ஐஸ்கிரீம் காசு, கொஞ்சம் குப்பை, நிறைய சத்தம். அவருக்குக் கிடைப்பதும் ஏற்கெனவே போனில் பார்த்த அதே போட்டோ, பிளஸ் முன்னால் நிற்பவரின் தலை.

ஒரு ராத்திரி தங்குபவரின் கணக்கே வேறு. தங்கும் விடுதி, இரவு உணவு, காலை உணவு, சுரங்க டிக்கெட் என்று அவருடைய பணம் ஊருக்குள் போகிறது. கூட்ட நேரத்தில் அவர் சுரங்கத்திலோ மலைப்பாதையிலோ இருக்கலாம். பஸ்கள் கிளம்பிய பிறகு அவருக்குக் கிடைப்பது வேறு ஒரு ஊர். வீட்டு ஜன்னலில் விளக்கு எரியும், கரையில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்கும்.

போட்டோ மட்டும்தான் வேண்டும் என்றால், நகல் சீனாவிலேயே இருக்கிறது. 7,000 வருட உப்பையும், பெயர் எழுதிய மண்டை ஓடுகளையும் நகல் எடுக்க முடியாது. அவற்றுக்கு நேரம் கொடுக்க முடியாது என்றால், அந்த எக்செல் கட்டத்தை அழித்துவிடுவது இரண்டு தரப்புக்கும் நல்லது.

"பட்ஜெட் இடிக்குதே ப்ரோ..."

நியாயமான கேள்வி. ஊருக்குள் ரூம்கள் குறைவு, விலையும் அதிகம். வருஷத்துக்கு ஒரு தடவை லீவ் கிடைப்பதே பெரிய விஷயம் என்கிறவரிடம் 'மெதுவா பயணம் பண்ணுங்க' என்று அட்வைஸ் செய்வது சுலபம். ஆனால் வழி இருக்கிறது. அதே ஏரிக்கரையில் ஓபர்டிரவுன், பக்கத்திலேயே பாட் கோய்சர்ன், கோசாவ் போன்ற ஊர்கள் இருக்கின்றன. அங்கே தங்கினால் செலவும் குறையலாம், காலையில் பஸ் கூட்டத்துக்கு முன்பே ஹால்ஸ்டாட்டுக்கு வந்தும் விடலாம். ஐந்து நாட்டில் ஒரு நாட்டைக் குறைத்தால், அந்த ரயில் காசிலேயே ஒரு ராத்திரி வாடகையில் பாதி வந்துவிடும்.

சரி, எப்படி பிளான் பண்ணலாம்?

விசா: நமக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்பு கொடுத்துவிட வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோ கவரேஜ் உள்ள டிராவல் இன்ஷூரன்ஸ் கட்டாயம்.

எப்போது: ஜூலை, ஆகஸ்ட், கிறிஸ்துமஸ் சமயம் கூட்டம் அள்ளும். மே மாதமும் அக்டோபர் தொடக்கமும் பரவாயில்லை. குளிர்காலத்தில் சில இடங்கள் மூடியிருக்கும். சுரங்கமும் கேபிள் காரும் இயங்குகின்றனவா என்று டிக்கெட் போடும் முன் அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது: வியன்னாவிலிருந்து ரயிலில் அட்நாங்-புஹைம் என்ற ஸ்டேஷனில் மாற வேண்டும். மொத்தம் மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஹால்ஸ்டாட் ஸ்டேஷன் ஏரிக்கு மறுகரையில் இருக்கிறது. அங்கிருந்து படகு. அந்த முதல் பார்வைக்காகவே ரயிலில் போகலாம்.

ஒரு எச்சரிக்கை: படகு ரயில் நேரத்தை ஒட்டித்தான் ஓடும், மாலையில் நின்றுவிடும். லேட் ரயிலில் வந்து இறங்கினால் எதிர்க்கரையில் நின்று ஊரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கடைசிப் படகு நேரத்தைப் பார்த்துவிட்டு ரயில் புக் பண்ணுங்கள்.

ஊருக்குள்: நீங்கள் போட்டோ எடுக்கும் பால்கனிக்குப் பின்னால் ஒருவர் காபி குடித்துக்கொண்டிருப்பார். அது அவர் வீடு. கதவைத் திறந்து பார்ப்பது, தோட்டத்துக்குள் நுழைவது, ட்ரோன் விடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

நண்பனுக்கு இதையெல்லாம் வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன். ரெண்டு நாள் கழித்துப் புது எக்செல் வந்தது. இப்போது 4 நாடு. ஹால்ஸ்டாட் கட்டத்தில், 'ஓபர்டிரவுன், 1 நைட். காலைல சுரங்கம். போட்டோ, டைம் இருந்தா' என்று இருந்தது.