கூத்துக்கும் ஒரு கலாநிதிப் பட்டமா?

ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் நம் இல்லங்களில் ஆலோசனைச் சபை கூடுதல் வழக்கம். தந்தையார், தாய்மாமன், அயல்வீட்டு ஆசிரியர் என மூவர் நால்வர் அமர்ந்திருப்பர். மாணவன் நடுவில் நிற்பான். சட்டம் என்றால் தலைகள் அசையும். கணக்கியல் என்றால் பாதகமில்லை என்பர். ‘நாடகமும் அரங்கியலும் கற்று, பின்னர் அதிலேயே ஆராய்ச்சி செய்ய விரும்புகின்றேன்’ என்று பிள்ளை கூறிவிட்டாலோ சபை வாயடைத்துப் போகும். சற்றுப் பொறுத்து ஒரு குரல் எழும்: ‘கூத்தாடவும் ஒரு கலாநிதிப் பட்டமா, தம்பி?’

இவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் தகாது. இதனுள் இரண்டு ஐயங்கள் அடங்கியுள்ளன. கூத்தில் ஆராய என்ன உண்டு என்பது ஒன்று. ஆராய்ந்தால் அது சோறு போடுமா என்பது மற்றொன்று. ‘கூத்தாடி’ என்னும் சொல்லை வசையாக வழங்கிப் பழகிய சமுதாயத்தில் இவ்விரு ஐயங்களும் எழுவது இயல்பே. முதலாவதை முதலில் நோக்குவோம்.

நல்ல ஆட்டக்காரன் ஆவதற்குப் பட்டம் வேண்டியதில்லை. மத்தளத்தில் தாளக்கட்டு விழுந்ததும் அவன் கால் தானே எழும். ஆயின், அரசன் வரவுக்கு ஒரு தாளமும் சேவகன் வரவுக்கு வேறொரு தாளமும் ஏன் வந்தன? ஒரே கூத்து இரண்டு ஊர்களில் இருவேறு வகையாக ஆடப்படுவது எதனால்? பாட்டன் காலத்து ஆட்டத்தில் இன்று எது நிற்கிறது, எது போயிற்று? இவ்வாறு வினவி, சான்று தேடி, பிறர் சோதித்துப் பார்க்கக்கூடிய விடையை எழுத்தில் தருவதே ஆராய்ச்சி. முதுதத்துவமாணி, கலாநிதி என்னும் பட்டங்கள் அத்தகைய ஆய்வேட்டுக்கு வழங்கப்படுபவை. ஆட்டத் திறமைக்கு வழங்கப்படுபவை அல்ல.

இத்துறையில் நமக்கு வழிகாட்டியவர் தொலைவில் உள்ளவர் அல்லர். கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடைப்பட்ட காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனனார்தாம் பின்னாளில் சுவாமி விபுலாநந்தர் ஆயினார். வைகாசிதோறும் கண்ணகியம்மனுக்குக் குளிர்த்தி நிகழும் ஊர் அது. அவர் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் சித்தியெய்தினார். தமிழும் கணிதமும் ஒரே நெஞ்சில் குடியேறியமையால் விளைந்த பெரும்பயனே ‘யாழ் நூல்’.

அந்நூலின் வரலாற்றை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். யாழ் என்னும் கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆயின. வாசிப்பாரும் இல்லை; செய்வாரும் இல்லை. எஞ்சியிருந்தவை சிலப்பதிகாரத்து அடிகளும், அவற்றுக்குப் பழைய உரைகாரர் எழுதிவைத்த குறிப்புகளுமே. அவற்றைக் கொண்டு யாழின் உறுப்புகள் எவை, நரம்புகள் எத்தனை, ஒரு பாலையிலிருந்து மற்றொரு பாலை எவ்வாறு பிறக்கும் என்பவற்றை அடிகளார் கணக்கிட்டுக் காட்டினார். ஆண்டுகள் பல உழைத்து முடித்த அந்நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதம் தமிழகத்துத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த அவருக்கு அந்நூலால் எய்த வேண்டிய பட்டம் ஒன்றும் இருக்கவில்லை. எனினும், இற்றைக்குக் கலாநிதிப் பட்டத்துக்கு எழுதுவோர் அந்த உழைப்பையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

அடிகளாருக்குக் கிட்டாத ஒரு பேறு நமக்கு உண்டு. யாழ் வாசித்தவர் எவரையும் அவர் காணக் கூடவில்லை. நமக்கோ கூத்தை ஆட்டுவிக்கும் அண்ணாவிமார் இன்னும் உளர். ஆகவே நமது ஆராய்ச்சி நூலகத்தோடு முடிதல் ஆகாது. களரிக்கும் செல்லல் வேண்டும்.

பேராதனையில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. சிங்கள நாட்டுக்கூத்தை ஆராய்ந்த பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரர் 1956இல் ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். அம்முயற்சியால் ஊக்கம் பெற்ற பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொணர்ந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. அதற்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். பல்கலைக்கழக மாணவர் ஒரு கிராமத்து அண்ணாவியாரிடம் தாளக்கட்டுக் கற்ற காட்சி அந்நாளில் புதுமையாயிருந்தது. அம்மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து 1983இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாய்வு 1998இல் நூலாக வெளிவந்தது. ஆடிய கால்கள் எழுதிய நூலாதலின் அதில் ஆட்டத்தின் நுட்பங்கள் தவறவில்லை.

இம்முயற்சியைப் போற்றும்போதே அதன்மீது எழுந்த வினாவையும் மறைத்தல் கூடாது. விடிய விடிய வட்டக்களரியில், நாற்புறமும் ஊரார் சூழ ஆடப்பட்ட கூத்து, ஒரு புறம் மட்டும் திறந்த மேடைக்கு ஏறியபோது சுருங்கியது. நகரத்தார் கண்டு மகிழ்ந்தனர். களரியை அமைத்த கிராமத்துக்கு என்ன கிடைத்தது? இவ்வினாவை முன்வைத்து, 2000க்குப் பின்னர் மட்டக்களப்புச் சீலாமுனையில் கலாநிதி சி. ஜெயசங்கர் வேறொரு வழியைக் கையாண்டார். கூத்தைக் கிராமத்திலேயே, கிராமத்தாரோடு கலந்து பேசி, அவர்கள் ஒப்பும் மாற்றங்களுடன் மீளுருவாக்குவது அவ்வழி. இரண்டில் எது சிறந்தது என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ஒரு துறையில் அறிஞர் இவ்வாறு வழக்காடுவதே அதில் ஆராய இடம் உண்டு என்பதற்குப் போதிய அடையாளமாகும்.

கடல் கடந்தும் இக்கல்வி மதிக்கப்படுகிறது. பேராசிரியர் கா. சிவத்தம்பி பண்டைத் தமிழர் நாடகத்தை ஆராய்ந்து இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1970இல் கலாநிதி ஆனார். அமெரிக்கப் பேராசிரியர் மான்டில் ஹூட், பிறநாட்டு இசையை ஆராய்பவன் அவ்விசையை வாசிக்கவும் பழகவேண்டும் என்று 1960இல் எழுதினார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்து ஜோன் ஹிகின்ஸ் கருநாடக இசையைக் கச்சேரி செய்யும் அளவுக்குக் கற்று ‘ஹிகின்ஸ் பாகவதர்’ எனப் பெயர் பெற்றவர். அதே பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற மற்றொருவர் புல்லாங்குழல் வித்துவான் டி. விசுவநாதன். இவர் வீணை தனம்மாளின் பேரர். நாட்டிய மேதை பாலசரஸ்வதியின் தம்பி. பரம்பரைக் கலைஞர் ஒருவரே தம் கலையைப் பற்றி ஆய்வேடு எழுதினார் என்பதை நம் அண்ணாவிமாரின் பிள்ளைகள் மனத்திற் கொள்வார்களாக.

இனி, நம் வாசலில் கிடக்கும் பொருள்களைப் பார்ப்போம். பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலில் பாரதக்கதை வனவாசமும் தவமுமாய் நிகழ்த்தப்பெற்றுத் தீமிதிப்பில் நிறைவுறுகிறது. அங்கு பக்தி எங்கே முடிகிறது, நாடகம் எங்கே தொடங்குகிறது? இவ்வொரு வினா ஓர் ஆய்வேட்டுக்குப் போதும். சற்றுத் தெற்கே கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேற்றப்படுகிறது. பக்கீர்மார் றபான் தட்டிப் பாடும் பைத்து, இளைஞர் வட்டமிட்டு ஆடும் களிகம்பு, சீனடி, சிலம்பம் ஆகியன இக்கரை முஸ்லிம் மக்களின் செல்வங்கள். களிகம்பின் அடிகளையும் தமிழ்க் கிராமத்து வசந்தன் கூத்தின் கோலடியையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், எது எங்கிருந்து எங்கே சென்றது என்பதன்றி, இரண்டு சமூகத்தாரும் ஒரே வயற்கரையில் வாழ்ந்த வரலாறும் புலப்படக்கூடும்.

பெண்கள் பாடும் கவிகளோ இன்னும் அரியவை. அவற்றைப் பாடும் மூத்தம்மா, அந்நிய ஆடவர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியுடன் வந்து நின்றால் வாய் திறப்பாரா? மருதமுனையிலிருந்தோ நிந்தவூரிலிருந்தோ ஒரு மாணவி சென்று அருகில் அமர்ந்து கேட்டால் பாடக்கூடும். பேராசிரியர்களாலும் நுழைய முடியாத ஓர் அறையின் திறவுகோல் நம் மாணவியரின் கையில் இருக்கிறது. பெற்றோர் இதைச் சிந்தித்தல் நன்று.

காலமோ காத்திருப்பதில்லை. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டு போயிற்று. இறந்தோரை எண்ணினோம்; இழந்த வீடுகளையும் எண்ணினோம். அவர்களோடு போன பாட்டுகளை எண்ணுவார் இலர். அதற்கு முன்னும் போரினால் ஊர்கள் பெயர்ந்தன. ஒரு முதியவர் மறையும்போது அவர் மனத்திலிருந்த கூத்தும் மறைந்துவிடும், மறுபதிப்புக் கிடையாது. இதுவே இத்துறையின் அவசரம்.

ஆய்வில் இறங்கும் மாணவருக்குச் சில வார்த்தைகள். பொருளைச் சிறிதாகத் தெரிந்துகொள்ளுங்கள். ‘ஈழத்துக் கூத்து’ என்பது கடல். ஓர் ஊரில் ஒரு கூத்தின் வரவு ஆட்டங்கள் என்பது கிணறு. கிணற்றில்தான் நீர் அள்ள இயலும். எழுதுமுன் பழகுங்கள். சட்டங்கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரை ஒரு கூத்தோடு உடனிருங்கள். யார், எங்கே, எந்நாளில் கூறினார் என்பதைக் கேட்டவுடன் குறித்துவையுங்கள். கண்டது, கேட்டது, ஊகித்தது என்னும் மூன்றையும் ஒன்றாகக் கலவாதீர்கள். பதிவு செய்யுமுன் அனுமதி கேளுங்கள். கோயிலாரோ பள்ளிவாசலாரோ ‘இதைப் படம் பிடிக்கலாகாது’ என்றால், அச்சொல்லுக்குப் பணியுங்கள். பணிந்தமையையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். முடிவில், பதிவின் ஒரு படியையும் நூலின் ஒரு பிரதியையும் உமக்குச் சொல்லித் தந்தவரின் வீட்டில் சேர்ப்பியுங்கள். இதனை உபகாரம் என எண்ணவேண்டா. கடன் தீர்த்தல் என எண்ணுங்கள்.

இரண்டாவது ஐயத்துக்கு வருவோம். சோறு போடுமா? மெய்யையே சொல்லுவோம். விரிவுரையாளர் பதவிகள் சில, நாடுவோர் பலர். ஆய்வு ஆண்டுகள் பல கொள்ளும். ஆதலின் பட்டம் முடித்ததும் ஆசிரியத் தொழிலில் அமர்ந்து, உழைத்துக்கொண்டே ஆராய்வது நம் போன்ற குடும்பங்களுக்கு ஏற்ற வழி. நாடகமும் அரங்கியலும் பாடசாலைப் பாடமாக இருத்தலின் அவ்வழி அடைபட்டதன்று. கல்லடியில் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தோன்றி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து விளங்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் நமக்கு அண்மையிலேயே உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இக்கலைகளைப் பயிற்றுகிறது. அனுமதி விதிகளைச் செவிவழியாக அறியாது, அந்நிறுவனங்களுக்கே எழுதிக் கேட்டறிதல் நன்று.

பெற்றோரே, பிள்ளை கூத்தை ஆராயப் போகின்றேன் என்றால் உடனே மறுக்கவும் வேண்டா, உடனே இசையவும் வேண்டா. ஊரில் இன்னும் ஆட்டுவிக்கும் அண்ணாவியார் ஒருவரிடம் ஒரு பருவம் அனுப்பிப் பாருங்கள். மாலைதோறும் சென்று, மண்ணில் நின்று, காலில் கொப்புளம் கண்டபின்னும் ‘இத்தாளம் ஏன் இப்படி வந்தது?’ என்று அப்பிள்ளை கேட்டுக்கொண்டு திரும்பினால், அவனோ அவளோ அதற்கு உரியவரே. அப்பொழுது குறுக்கே நில்லாதீர்கள்.