நோய் வந்தபின் பொழுதுபோக்கு எதற்கு?



நீண்டகால நோய் ஒன்று கண்டறியப்பட்டதும் வீட்டில் முதலில் கைவிடப்படுவது எது என்று கவனித்திருக்கிறீர்களா? உணவில் உப்பும் சர்க்கரையும் குறைவது பிறகுதான். தோட்டத்தைக் கொத்திக் களையெடுப்பது, மாலையில் வானொலியில் பாட்டுக் கேட்பது, திண்ணையில் தாயம் உருட்டுவது, இரவில் நாட்குறிப்பு எழுதுவது ஆகியவையே முதலில் நின்றுபோகின்றன. "இனி உங்களுக்கு எதற்கு இந்த வேலையெல்லாம்? பேசாமல் படுத்திருங்கள்" என்று பிள்ளைகள் அன்போடுதான் சொல்கின்றனர். ஆனால் அந்த அன்பு நோயாளியிடமிருந்து எடுத்துக்கொள்வது, அவர் உடல் தேறுவதற்குத் துணைநிற்கும் ஒன்றை. நோயாளிக்கும் அவரைப் பராமரிப்பவருக்கும் பொழுதுபோக்கும் நாட்குறிப்பும் சிகிச்சைக் காலத்திலும் தொடர வேண்டும் என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது.

பராமரிப்பவரின் நிலையை முதலில் பார்ப்போம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பிறந்து, பொறியியல் படித்து, சென்னையிலும் பெங்களூரிலும் கணினித் துறையில் பணிபுரிவோர் பலர். தந்தைக்குப் பக்கவாதம், தாய்க்குச் சிறுநீரகச் செயலிழப்பு என்று செய்தி வந்ததும் மடிக்கணினியோடு ஊர் திரும்புகின்றனர். பகலில் அலுவலகக் கூட்டங்கள், வாரத்தில் சில நாட்கள் டயாலிசிஸ் பிரிவின் வாசலில் காத்திருப்பு, இரவில் மாத்திரைக் கணக்கு என்று அவர்களது நாள் கழிகிறது. முன்பு புகைப்படம் எடுத்தவர், கிதார் வாசித்தவர், அன்றன்று மனத்தில் பட்டதை எழுதி வைத்தவர் இப்போது அவற்றைத் தொடுவதில்லை. நேரமின்மை மட்டும் இதற்குக் காரணமன்று. "அப்பா இப்படிப் படுத்திருக்கும்போது எனக்கு இது தேவையா?" என்னும் குற்றவுணர்வே பெரிதும் தடுக்கிறது.

பணியும் எழுத்தும் ஒன்றையொன்று கெடுப்பவையல்ல என்பதற்கு நம் வாசகர்கள் நன்கறிந்த ஒருவர் சான்று. திருவரங்கத்தில் வளர்ந்த எஸ். ரங்கராஜன் என்னும் சுஜாதா (1935 - 2008), பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர். அப்பணிக்கிடையே அவர் கணையாழி இதழின் கடைசிப் பக்கத்தில் படித்தது, பார்த்தது, கேட்டது என அன்றாட வாழ்வின் சிறுசிறு செய்திகளைப் பல ஆண்டுகள் எழுதினார். பின்னாளில் ஆனந்த விகடனில் 'கற்றதும் பெற்றதும்' என்னும் தலைப்பில் அதே பழக்கம் தொடர்ந்தது.

முதுமையில் எழுதத் தொடங்க இயலுமா என்று கேட்போருக்கு நம் மண்ணோடு தொடர்புடைய மற்றொரு சான்று உண்டு. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் தங்கித் தமிழ் பயின்றவர். எண்பத்தைந்தாம் வயதை ஒட்டி, 1940இல், 'என் சரித்திரம்' என்னும் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் தொடராக எழுதலானார். ஏடு தேடிய பெருமுயற்சிகளோடு, தாம் தங்கிய வீடுகளையும் உண்ட உணவையும் உதவிய எளிய மனிதர்களையும் அதில் பதிவுசெய்தார். 1942இல் அவர் மறைந்தபோது அந்நூல் முற்றுப்பெறவில்லை. ஆயினும் ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முந்தைய அரியலூரின் அன்றாட வாழ்வை நாம் இன்று அறிவதற்கு அந்த முதியவரின் நினைவே வழி. நம் வீட்டுப் பெரியவர்களிடமும் அத்தகைய நினைவுகள் இருக்கின்றன; கேட்டு எழுதிக்கொள்வாரைத்தான் காணோம்.

இவற்றால் உடலுக்கு ஏதேனும் பயன் உண்டா என்பது நியாயமான கேள்வி. ஆஸ்துமாவோ முடக்குவாதமோ உடைய 112 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 1999இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர் தம் வாழ்வின் மிகக் கடினமான அனுபவத்தைப் பற்றி நாளொன்றுக்கு 20 நிமிடம் வீதம் மூன்று நாட்கள் எழுதினர். மற்றொரு பிரிவினர் அன்றைய வேலைத் திட்டத்தை மட்டும் எழுதினர். நான்கு மாதங்களுக்குப் பின் முதற்பிரிவில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினரிடமும் இரண்டாம் பிரிவில் 24 விழுக்காட்டினரிடமும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. இரு பிரிவினரும் தம் வழக்கமான மருந்துகளை எடுத்துக்கொண்டுதான் இருந்தனர். இதுபோன்ற பல ஆய்வுகளைப் பின்னர் ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோது, எழுத்தின் சராசரிப் பயன் சிறிய அளவினதே எனத் தெரியவந்தது. ஆகவே எழுதினால் நோய் தீரும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு நோட்டும் பேனாவும் போதுமான இம்முயற்சியில், சிறு பயனும் வரவே.

பொழுதுபோக்கைப் பற்றியும் ஆய்வு உண்டு. 16 நாடுகளில் 65 வயதைக் கடந்த 93,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்த கட்டுரை 2023இல் வெளிவந்தது. பொழுதுபோக்கு உடையோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகவும் வாழ்க்கை நிறைவு கூடுதலாகவும் இருந்தன. உடல்நலம் உள்ளவர்களே பொழுதுபோக்கில் ஈடுபட இயலும் என்பதால், எது காரணம், எது விளைவு என்பதை இத்தகைய ஆய்வு முற்றாகப் பிரித்துக் காட்டாது. எனினும் பண்பாட்டில் வேறுபட்ட பல நாடுகளிலும் ஒரே போக்குக் காணப்பட்டது கருதத்தக்கது.

"எங்களுக்கு ஏது ஐயா பொழுதுபோக்கு? காடு கழனிதான்" என்று இப்பகுதி மக்கள் சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைவிக்கும் குடும்பங்களுக்கு அச்சொல் அந்நியமாகவே படும். அதனால் நாம் கேள்வியை மாற்றிக் கேட்கிறோம்: "வேலை இல்லாத நேரத்தில் உங்கள் கை எதைத் தேடும்?" உடனே விடை வருகிறது. ஒருவர் வெள்ளாட்டுக் குட்டிகளைச் சொல்வார். ஒருவர் கோயில் பஜனையைச் சொல்வார். ஒருவர் பூத்தொடுப்பதைச் சொல்வார். அந்த விடை சிகிச்சைக்கும் உதவுகிறது. பக்கவாதத்தில் விரல்கள் வலுவிழந்தவருக்குப் பூத்தொடுத்தலும் பல்லாங்குழியும் விரும்பிச் செய்யும் பயிற்சிகள். நடைப்பயிற்சி செய்ய மறுப்பவர், "ஆட்டுக்குட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றால் எழுந்து நடப்பார்.

சற்று உடல் தேறியவர்களுக்கு நம் மாவட்டங்களிலேயே காண வேண்டியவை உண்டு. அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் 2024இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்து முதலிய வலசைப் பறவைகள் அங்கு வருகின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன, சுமார் 18 மீட்டர் நீளமுள்ள மரம் பாதுகாக்கப்படுகிறது. பராமரிப்பவரும் நோயாளியும் ஒரு காலைப் பொழுதைச் சேர்ந்து கழிக்க இவை ஏற்ற இடங்கள். கண்ட பறவைகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால் அன்றைய நாட்குறிப்பும் எழுதியாயிற்று.

இங்குச் சில எச்சரிக்கைகள் தேவை. நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் தோட்டத்திலோ கரட்டு நிலத்திலோ வெறுங்காலோடு நடத்தல் கூடாது. நெஞ்சைத் திறந்து இதய அறுவை செய்துகொண்டவர்கள், மருத்துவர் அனுமதிக்கும் வரை மண்வெட்டியையும் தண்ணீர்க் குடத்தையும் தூக்கலாகாது. ஆஸ்துமா உள்ளோர் தூசி மிகுந்த வேலைகளைத் தவிர்க்க வேண்டும். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் புற்றுநோய்க்கு மருந்து எடுப்போரும் மண்ணையும் பறவை எச்சத்தையும் கையாளுமுன் தம் மருத்துவரைக் கேட்க வேண்டும். பெரும்பாலான பொழுதுபோக்குகளை முற்றாக நிறுத்த வேண்டியதில்லை. சிறிது மாற்றி அமைத்தால் போதும்.

எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். தாயின் நோயைப் பற்றி மகன் தன் நோட்டில் எழுதுவது அவன் மனச்சுமையை இறக்கும். அதையே வாட்ஸ்அப்பிலோ முகநூலிலோ படத்துடன் பகிர்வது வேறு. நோய் தாயினுடையது, அதைப் பிறரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை முடிவுசெய்யும் உரிமையும் அவருடையதே. "அம்மா, இதைப் பிறருக்குக் காட்டலாமா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அது நோட்டிலேயே இருக்கட்டும்.

மேற்சொன்ன அனைத்தையும்விட முக்கியமான ஒன்றைக் குடும்பத்தார் கவனிக்க வேண்டும். முன்பு விரும்பிச் செய்தவற்றில் ஒருவருக்கு முற்றிலும் நாட்டம் அற்றுப்போய், அந்நிலை நாள்தோறும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது சோம்பலோ வயதின் இயல்போ அன்று. மனச்சோர்வு நோயின் முதன்மை அறிகுறிகளுள் ஒன்று. இதய நோய், பக்கவாதம், சிறுநீரக நோய், புற்றுநோய் ஆகியவற்றோடு இது அடிக்கடி சேர்ந்து வருகிறது. பராமரிப்பவருக்கும் வரும். இதற்குச் சிகிச்சை உண்டு. அடுத்த வருகை வரை காத்திராமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பொழுதுபோக்கை நாம் அக்கறையோடு விசாரிப்பதற்கு இதுவே தலையாய காரணம்: காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியைப் போல அது மனத்தின் நிலையைக் காட்டுகிறது. நாமே அதைத் தடுத்து நிறுத்திவிட்டால், மனச்சோர்வு வந்திருப்பதை அறியும் வழியையும் அடைத்துவிடுகிறோம்.

தொடங்குவது எளிது. இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் குறிக்க உங்களிடம் ஏற்கெனவே ஒரு நோட்டு இருக்கும். அதன் இடப்பக்கத்தில் எண்கள் இருக்கட்டும். வலப்பக்கத்தில் அன்றைய நாளைப் பற்றி நான்கு வரிகள் எழுதுங்கள். என்ன உண்டீர்கள், யார் வந்தார்கள், எது வலித்தது, எது மகிழ்வித்தது என்பன போதும். கை நடுங்குபவர் கைபேசியில் பேசினால் அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும். எழுதப் படிக்கத் தெரியாதவர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதலாம். பராமரிப்பவர் தமக்கெனத் தனி நோட்டு வைத்துக்கொள்ளட்டும். நாளில் அரைமணி நேரம் வேறொருவர் நோயாளியின் அருகே அமர்வதற்குக் குடும்பத்தில் முறைவைத்துக்கொண்டால், அவர் தம் கிதாரையோ கேமராவையோ மீண்டும் எடுக்க இயலும். அந்த அரைமணிக்காக அவர் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது அந்த நோட்டை எடுத்து வாருங்கள். இடப்பக்க எண்களை மருத்துவர்கள் பார்ப்போம். வலப்பக்கத்தைக் காட்டுவது உங்கள் விருப்பம். காட்டினால், "பத்து நாளாய்ப் படியேறும்போது மூச்சு வாங்குகிறது" என்பது போன்ற ஒரு வரி, எந்தப் பரிசோதனையை முதலில் செய்ய வேண்டும் என்பதை நமக்குச் சொல்லக்கூடும்.