உயர்தர வகுப்பிலேயே பல்கலைக்கழகப் பாடம்: எமது பிள்ளைகளுக்கு யார் வழிகாட்டுவது?

கடந்த தவணையில் ஒருநாள் பாடசாலை விட்டதும் தரம் 12 மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். ஒலுவில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு, வாப்பா மீன்பிடித் தொழில். கையில் இருந்த போனைக் காட்டினார். மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் இலவசமாக நடத்தும் பைதன் ஆரம்பநிலைப் பாடநெறியை முடித்ததற்கான சான்றிதழ் அதில் இருந்தது.

"சேர், இதால இசட் புள்ளி கூடுமா?" என்று கேட்டார்.

"கூடாது மகன்" என்றேன். அவருடைய முகம் வாடிவிட்டது. என்னுடைய பதில் பிழையல்ல. ஆனாலும் அந்த இடத்தில் அது போதாத பதில் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் உயர்நிலைப் பாடசாலையில் படிக்கும்போதே கல்லூரிப் பாடங்களையும் சேர்த்துப் படிக்கும் ஏற்பாடு பல காலமாக உண்டு. அங்கே பெறும் புள்ளிகள் பின்னர் பட்டப்படிப்பிலும் கணக்கில் எடுக்கப்படுவதுண்டு. இந்தியாவில் சென்னை ஐ.ஐ.டி. பாடசாலை மாணவர்களுக்கென்றே தரவு அறிவியல் போன்ற துறைகளில் குறுகிய இணையவழிப் பாடநெறிகளை நடத்துகிறது. எமது நாட்டில் பல்கலைக்கழக வாசலைத் திறப்பது உயர்தரப் பெறுபேறு ஒன்றே. அம்பாறை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு விசேட ஒதுக்கீடு இருந்தும், ஆண்டுதோறும் தகுதிபெறும் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோரில் அரச பல்கலைக்கழகம் செல்வோர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த நெருக்கடியில் "புள்ளி தராத பாடம் எதற்கு?" என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பதிலும் இருக்கிறது. மொரட்டுவை நடத்தும் அந்தத் தொடரில் பைதன், இணையத்தள வடிவமைப்பு, சேவையகப் பக்க நிரலாக்கம் என்று படிப்படியாகப் பாடநெறிகள் உள்ளன. உயர்தரத் தகவல் தொழில்நுட்பப் பாடத்திட்டத்திலும் பைதனும் இணையத்தள உருவாக்கமும் இருக்கின்றன. அந்தப் பாடம் எடுக்கும் பிள்ளைக்கு இது மேலதிகச் சுமை அல்ல. அதே பாடத்தை இன்னொரு வாயால் கேட்பதுதான். மற்றப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் தரம் 12இல் ஜி.ஐ.டி. பரீட்சை உண்டு. இசட் புள்ளியில் சேராது என்பதற்காக அதையும் பொது ஆங்கிலத்தையும் நாம் எவ்வளவு அலட்சியமாக நடத்துகிறோம் என்பது ஆசிரியர்களாகிய எமக்குத் தெரியும். பல்கலைக்கழகம் போன முதல் மாதத்திலேயே எமது பிள்ளைகள் தடுமாறுவதும் இதே இரண்டிலும்தான்.

இன்னொரு பயனும் உண்டு. மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் என்று ஊர் சொல்லும் பெயர்களை வைத்தே பிள்ளைகள் துறையைத் தெரிவு செய்கிறார்கள். அந்தத் துறையில் உள்ளே என்ன படிக்க வேண்டும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிகிறது. ஆறு வாரம் ஒரு பல்கலைக்கழகப் பாடத்தைப் பார்த்த பிள்ளை, "இது எனக்குச் சரிவரும்" அல்லது "சரிவராது" என்று முன்கூட்டியே சொல்லும். சரிவராது என்று அறிவதும் இலாபமே.

அதற்காக எல்லோரும் உடனே போனைத் திறந்து பதிவு செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. 2012இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் மின்சுற்றுகள் பற்றிய தனது பாடநெறியை உலகம் முழுவதற்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. பதிவு செய்தவர்கள் சுமார் 1 இலட்சத்து 55 ஆயிரம் பேர். முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் 7 ஆயிரத்துச் சொச்சம்தான். அவர்களில் முழுப் புள்ளி எடுத்தோர் 340 பேர். அந்த 340 பேரில் ஒருவர் மொங்கோலியாவின் உலான்பாத்தர் நகரைச் சேர்ந்த பட்டுஷிக் என்ற 15 வயது மாணவர். பின்னர் எம்.ஐ.டி.யே அவரைச் சேர்த்துக்கொண்டது.

இணையம் செய்த அதிசயம் என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பாடசாலையின் அதிபர் தானே எம்.ஐ.டி.யில் படித்தவர். அவர்தான் அந்தப் பாடநெறியை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு மாணவர் செயன்முறை உபகரணங்களோடு வந்து பிள்ளைகளுடன் வாரக்கணக்கில் இருந்து பழக்கினார். வீடியோ எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்த ஆட்கள் இருந்தது அந்தப் பாடசாலையில். வித்தியாசம் அங்கேதான் வந்தது.

எமது கரையோரத்தில் அந்த ஆள் யார்? எங்கள் துறைமுகத்தையே பாருங்கள். டென்மார்க் கடனுதவியில் கட்டி 2013இல் திறந்துவைத்தார்கள். வாய் மணலால் மூடிக்கொண்டது. கப்பல் வரவில்லை, மீனவருக்குப் படகை வெளியே எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது, கரையைக் கடல் அரித்தது. கட்டிவிட்டால் மட்டும் போதாது, போய்வரும் வழியும் திறந்திருக்க வேண்டும் என்பதை ஒலுவிலானுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. இணையவழிப் பாடநெறிகளும் இன்று அப்படித்தான் இருக்கின்றன. பாடம் இலவசம். ஆனால் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். டேட்டாவுக்குக் காசு வேண்டும். ஒரே போனை வீட்டில் மூன்று பிள்ளைகள் பங்குபோடுகிறார்கள். கொரோனாக் காலத்தில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இணைய வகுப்புக்கான டேட்டா இலவசமாகக் கிடைத்தது. பாடசாலைப் பிள்ளைகளின் சூம் வகுப்புகளுக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை முன்னேறியது, மற்றது பின்தங்கியது. அதே கதை இப்போது சத்தமில்லாமல் திரும்ப நடக்கிறது.

நான் அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் ஒலுவில் பல்கலைக்கழகம் இளம் நிறுவனமாக இருந்தது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து, மறுவருடமே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் கனவு அது. இன்று அங்கே பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன, சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. விரிவுரையாளர் சிலர் தமது தனிப்பட்ட முயற்சியில் பாடசாலைகளுக்கு வந்து உதவுவதையும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அது தனிமனிதர்களின் நல்ல மனதோடு நின்றுவிடக் கூடாது. தரம் 12 மாணவர்களுக்குத் தமிழில் விளக்கத்துடன் ஓர் இணையவழிப் பாடநெறி, மாதம் ஒரு சனிக்கிழமை ஆய்வுகூடத்தில் செயன்முறை, முடிவில் ஒரு சான்றிதழ். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பல்கலைக்கழகத்திடம் இதைக் கேட்பது பெரிய கோரிக்கையா?

பெண் பிள்ளைகள் பற்றியும் சொல்ல வேண்டும். எமது பாடசாலைகளில் உயர்தரத்தில் நன்றாகச் செய்பவர்களில் பெண் பிள்ளைகள் அதிகம். மொரட்டுவை, பேராதனை என்றால் இராப் பயணமும் விடுதியும் நினைவுக்கு வந்து சில வீடுகள் தயங்குகின்றன. அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடம் வீட்டு மேசைக்கே வருவது நல்லதுதான். ஆனால் "ஒன்லைனில் படிச்சாப் போதும்தானே" என்று கிடைத்த அனுமதியையே கைவிடச் சொல்லும் சாட்டாக அது மாறிவிடக் கூடாது. தரம் 12இல் படித்த பாடநெறி அந்தப் பிள்ளை துணிந்து போவதற்கு ஏணியாக வேண்டும். உம்மா, வாப்பாமார் இதை மனதில் வைக்க வேண்டும்.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில. ஒரு பிள்ளை ஒரு நேரத்தில் ஒரு பாடநெறி மட்டும் எடுக்கட்டும். தரம் 12இன் முதற்பாதியில் எடுத்தால் பரீட்சை நெருக்கடி இல்லை. எமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புகால விடுமுறை இருக்கிறது, அதில் தினம் ஒரு மணித்தியாலம் ஒதுக்கலாம். பாடசாலைக் கணினி அறையைப் பின்னேரத்தில் திறந்துவைக்க அதிபர்கள் முன்வர வேண்டும். இணையக் கட்டணத்தைப் பழைய மாணவர் சங்கமோ பள்ளிவாசல் நிர்வாகமோ பொறுப்பேற்கலாம். ஒரு வருடாந்தப் பரிசளிப்பு விழாவின் செலவில் ஒரு பகுதி போதும். ஆசிரியர்களாகிய நாமும் பிள்ளைகளோடு பதிவு செய்து படிக்க வேண்டும். எனக்குப் பைதன் தெரியாது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த மாணவரை மறுநாள் கூப்பிட்டு, "புள்ளி கூடாது, ஆனா நீ கூடுவாய்" என்றேன். அடுத்த பாடநெறியில் நானும் அவரோடு பதிவு செய்திருக்கிறேன். முதல் பயிற்சியில் அவர் எனக்கு முன்னால் முடித்துவிட்டார். இப்போது வகுப்பில் இன்னும் நான்கு பேர் சேரக் கேட்கிறார்கள், அவர்களில் இருவருக்குப் போன் இல்லை. கணினி அறையின் சாவியை அதிபரிடம் கேட்டிருக்கிறேன்.