என்ஜினைப் பிரிக்கும் முன் காற்றுக் கசிவைப் பாருங்கள்

கிணற்றுப் பம்புசெட் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் எந்த விவசாயியும் உடனே மோட்டாரைக் கழற்றிக்கொண்டு ரீவைண்டிங் கடைக்கு ஓடுவதில்லை. முதலில் புட் வால்வைப் பார்ப்பார். பிறகு உறிஞ்சு குழாயின் இணைப்புகளைப் பார்ப்பார். ஊசிமுனை அளவு ஓட்டை வழியாகக் காற்று இழுத்தாலும் பம்பு தண்ணீர் தூக்காது என்பது அவருக்குத் தெரியும். இணைப்பில் களிமண்ணை அப்பி, சாணித் தண்ணீரை ஊற்றி, பழுது எங்கே என்று தாமே கண்டுபிடித்துவிடுவார்.

அதே விவசாயி, தம்முடைய பழைய ஜீப்போ டிராக்டரோ மக்கர் செய்தால் மட்டும் "என்ஜின் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார். பட்டறையில் கார்புரேட்டர் மாறுகிறது, பம்பு மாறுகிறது, சில சமயம் என்ஜினே பிரிக்கப்படுகிறது. இத்தனைக்கும் பிறகு பார்த்தால், வெடித்துப்போன ஒரு ரப்பர் ஓஸோ, தளர்ந்துபோன ஒரு நட்டோதான் காரணமாக இருக்கும். சில ரூபாய் பழுதுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் இந்த வழக்கம் மாற வேண்டும்.

சேத்தூர், தேவதானம் பகுதியில் மலையடிவாரத் தோப்புகளுக்குப் போகும் பாதைகளில் புது வண்டிகளைவிடப் பழைய வண்டிகளுக்கே வேலை அதிகம். மாங்காயும் தேங்காயும் ஏற்ற, உரமூட்டை கொண்டுபோக, ஓடை கடக்க அவைதான் உதவுகின்றன. "பழசை விற்றுவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் மூன்று ஏக்கர்காரரின் கடன் கணக்கைப் பார்த்தவர்கள் அல்லர். அவருக்குப் பழைய வண்டி கௌரவப் பொருள் அல்ல, பிழைப்புக் கருவி.

உறிஞ்சலே என்ஜினின் மூச்சு

பெட்ரோல் என்ஜின் ஸ்லோவில் ஓடும்போது கார்புரேட்டரில் உள்ள திராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன் கீழே இறங்கி இழுப்பதால், தகட்டுக்கும் வால்வுக்கும் இடைப்பட்ட மேனிபோல்டுக்குள் வெற்றிடம் உண்டாகிறது. ஆரோக்கியமான என்ஜினில் இந்த உறிஞ்சல் ஏறக்குறைய 43 முதல் 53 சென்டிமீட்டர் பாதரச அளவு இருக்கும். அதாவது 17 முதல் 21 அங்குலம்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டர் இந்த விகிதத்தை ஒட்டித்தான் கலந்து கொடுக்கிறது. வழியில் ஒரு வெடிப்பு இருந்தால், அளவில் சேராத காற்று உள்ளே புகுந்துவிடும். கலவை மெலிந்துபோகும். அதனால்தான் ஸ்லோவில் என்ஜின் ஏறி இறங்கி ஓடுகிறது, நின்று நின்று போகிறது, அல்லது காரணமின்றி ரேஸாக ஓடுகிறது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. கார்புரேட்டர் வழியே 'டப் டப்' என்று வெடிக்கிறது.

வண்டி வேகமாக ஓடும்போது குறை அவ்வளவாகத் தெரியாது. அப்போது திராட்டில் திறந்திருப்பதால் உறிஞ்சல் குறைந்துவிடும். "ரோட்டில் நன்றாகத்தானே ஓடுகிறது!" என்று விவசாயி சமாதானம் அடைவதும் இதனால்தான். ஆனால் மெலிந்த கலவையோடு பாரம் இழுத்து மேடு ஏறினால் என்ஜின் சூடேறும். நாளடைவில் வால்வு கருகும். அன்று சிறு பழுது பெரும் செலவாகிவிடும்.

கண்டுபிடிப்பது எப்படி?

இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. காதும் கண்ணும் பொறுமையும் போதும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓட்டிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. துண்டு, வேட்டி முனை, சேலைத் தலைப்பு ஆகியவை விசிறிப் பக்கம் போகக் கூடாது.

முதலில் என்ஜினை நிறுத்திய நிலையில் ரப்பர் ஓஸ்களை வளைத்துப் பார்க்க வேண்டும். நேராக இருக்கையில் தெரியாத வெடிப்பு வளைக்கும்போது வாய் திறக்கும். பிறகு என்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டு, ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இணைப்புக்கும் கொண்டுபோக வேண்டும். கசியும் இடத்தில் 'உஸ்' என்ற சத்தம் தெளிவாகக் கேட்கும்.

அடுத்து, மேனிபோல்டிலிருந்து பிரியும் ஓஸ்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பிடிக்க வேண்டும். எதை நசுக்கினால் என்ஜின் சத்தம் சீராகிறதோ, அந்த வழியில்தான் கசிவு. 1940-களின் இறுதியில் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் வகை ஜீப்புகளில் வைப்பர்கூடக் காற்று உறிஞ்சலால் இயங்கியது உண்டு. இப்படிப்பட்ட வண்டிகளில் வைப்பர் வேலை செய்யாவிட்டாலும் அதன் குழாய் கசியும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பிறகு கார்புரேட்டர் அடியில் உள்ள காஸ்கெட், மேனிபோல்டு காஸ்கெட், திராட்டில் தண்டு ஆகிய இடங்களில் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கசிவு இருந்தால் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். என்ஜின் சத்தம் ஒரு கணம் மாறும். என்ஜின் சூடேறும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். சூடான புகைக்குழாய் மேல் தண்ணீர் பட்டால் இரும்பு வெடிக்கக்கூடும். சிலர் பெட்ரோலையே தெளித்துப் பார்க்கிறார்கள். இது தீயோடு விளையாடுவது. ஒருபோதும் செய்யக் கூடாது.

இன்னொரு எளிய சோதனை சோக். சோக்கைச் சிறிது இழுத்ததும் என்ஜின் சீராக ஓடினால், கலவை மெலிந்திருக்கிறது என்று பொருள். ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது காற்று கசியலாம். பிளக், பாயிண்ட், டைமிங், வால்வு என்று வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் கசிவுச் சோதனைக்குக் காசு செலவில்லை. அதனால்தான் அது முதலில் வர வேண்டும்.

கசிவு தெரிந்துவிட்டால், நட்டுகளைப் பலம் கொண்ட மட்டும் முறுக்குவதும் தவறு. கார்புரேட்டர் அடித்தட்டு வளைந்துபோகும், கசிவு அதிகமாகும். என்ஜின் ஆறிய பிறகு, எல்லா நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். திராட்டில் தண்டு தேய்ந்து ஆடினால் பட்டறையில் புஷ் போட்டுக்கொள்வதே சரி.

டீசல் வண்டியிலும் உண்டு

"நம்முடையது டீசல் டிராக்டர். கார்புரேட்டரே இல்லை. நமக்கென்ன?" என்று இருந்துவிட முடியாது. டீசல் வண்டியில் காற்றுக் கசிவு இரண்டு இடங்களில் கெடுதல் செய்கிறது.

ஒன்று, ஏர் கிளீனருக்கும் என்ஜினுக்கும் இடையே உள்ள குழாய். 2,500 சி.சி. என்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடினால், கணக்குப்படி மணிக்கு 1,35,000 லிட்டர் காற்றை இழுக்கிறது. ஆடி மாதத்தில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று புழுதியைக் கிளப்பும்போது உழுகிற டிராக்டரை நினைத்துப் பாருங்கள். குழாயில் ஒரு வெடிப்பு இருந்தால், அந்தப் புழுதி வடிகட்டப்படாமல் நேரே சிலிண்டருக்குப் போகும். மண் உப்புத்தாளைப் போல ரிங்கையும் லைனரையும் தேய்க்கும். டிராக்டர் அப்போது எந்தக் குறையும் காட்டாது. பிறகு ஒரு நாள் ஆயில் குறையும், நீலப்புகை வரும், இழுவை இருக்காது. அப்போது செலவு முழு என்ஜினுக்கு.

குழாயைக் கழற்றி உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் உண்மை தெரிந்துவிடும். துணியில் மண் வந்தால் எங்கோ வழி இருக்கிறது. ஸ்லோவில் ஓடும்போது ஏர் கிளீனர் வாயை ஒரு தட்டையான பலகையால் மூடியும் பார்க்கலாம். மூச்சு முட்டி என்ஜின் நின்றால் குழாய் சரி. தொடர்ந்து ஓடினால் காற்று வேறு வழியாக வருகிறது. இதற்குக் கையைப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாவது, டாங்கிலிருந்து பீட் பம்பு வரை உள்ள டீசல் குழாய். டாங்க் தாழ்வாக உள்ள வண்டிகளில் இந்தப் பகுதி உறிஞ்சலில் இருக்கும். எனவே டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். தினமும் 'ஏர் லாக்' எடுத்துக்கொண்டிருக்கும் வண்டிக்குக் காரணம் இதுவே. இடையில் ஒரு அடி நீளம் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் போட்டால் குமிழி வருவதைக் கண்ணால் காணலாம். காப்பர் வாஷரை மாற்றினாலே பல சமயம் போதும்.

உறிஞ்சலின் துணையால் பிரேக் பிடிக்கும் வேன்களில் விஷயம் இன்னும் கடுமை. அந்த ஓஸ் கசிந்தால் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். ஆள் ஏற்றிக்கொண்டு தோப்பிலிருந்து இறங்கும் வண்டிக்கு இது பணக் கணக்கு அல்ல, உயிர்க் கணக்கு.

புதிய பெட்ரோலும் பழைய ரப்பரும்

இந்தக் கவனம் இன்று முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. 2003-ல் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் 5 சதவீதத்தோடு தொடங்கிய எத்தனால் கலப்பு, 2022-ல் 10 சதவீதமாகி, 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருவது. விளைவிப்பவருக்கு அதில் நன்மை உண்டு. ஆனால் பழைய வண்டியின் ரப்பர் ஓஸ், காஸ்கெட், டயாபிரம் ஆகியவை எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊதும், இறுகும், வெடிக்கும். மேலும் எத்தனால் எரியக் குறைந்த காற்றே போதும். பழைய கார்புரேட்டர் பழைய அளவிலேயே காற்று கலப்பதால் கலவை முன்னரே சற்று மெலிந்துதான் இருக்கும். அதன்மேல் கசிவும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? எத்தனால் தாங்கும் ஓஸாகக் கேட்டு வாங்குவதும், வருடத்துக்கு ஒருமுறை அவற்றைச் சோதிப்பதும் இனிக் கட்டாயம்.

பார்த்துச் சொன்னதற்கும் கூலி

குற்றத்தை எல்லாம் மெக்கானிக் தலையில் போடுவது நியாயம் அல்ல. சாமான் மாற்றினால் கூலி கொடுக்கும் விவசாயி, அரைமணி நேரம் காதுகொடுத்துக் கேட்டு ஒரு நட்டை இறுக்கியவருக்கு, "இதற்கென்ன கூலி?" என்று கேட்கிறார். பிறகு எந்த மெக்கானிக் பொறுமையாகத் தேடுவார்? சாமான் மாற்றுவதுதானே அவருக்கு லாபம்! பழுதைக் கண்டுபிடித்ததற்கே கூலி தரும் பழக்கம் வர வேண்டும். நூறு ரூபாய் கொடுத்து ஆயிரங்களை மிச்சப்படுத்துவது நஷ்டம் அல்ல. பதிலுக்கு, "பிரிக்கும் முன் கசிவு பார்த்தீர்களா?" என்று கேட்கவும், கழற்றிய பழைய சாமானைத் திருப்பி வாங்கிப் பார்க்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு.

பண்ணை இயந்திரப் பயிற்சிக்கென்று மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955-லும், ஆந்திராவின் கார்லதின்னேயில் 1983-லும் மத்திய அரசு நிலையங்கள் தொடங்கப்பட்டன. நல்ல நிலையங்கள்தான். ஆனால் சேத்தூர் விவசாயி உழவை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக முடியுமா? வேளாண்மைப் பொறியியல் துறை, ஆடிப்பட்டத்துக்கு முன் பஞ்சாயத்துக்கு ஒரு அரைநாள் முகாம் நடத்தினால் போதும். ஊர் இளைஞர்கள் பத்துப் பேருக்குக் காதில் குழாய் வைத்துக் கேட்கவும், ஓஸை நசுக்கிப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தால், அந்த ஊர் வண்டிகள் எல்லாம் பிழைக்கும்.

அதுவரை விவசாயி காத்திருக்க வேண்டியதில்லை. புட் வால்வைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு மேனிபோல்டைப் பார்ப்பது கடினம் அல்ல. தண்ணீர் இழுக்கும் குழாயானாலும் காற்று இழுக்கும் குழாயானாலும் சட்டம் ஒன்றுதான். ஓட்டையை முதலில் தேடுங்கள். என்ஜினைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம்.